கோப்பின் முடிவு எங்கே இருக்கிறது?

கணினியின் நினைவகத்தில் ஒரு நிரல் எத்தனை அரிய கணக்குகளைப் போட்டு முடித்தாலும், அதன் ஓட்டம் நின்ற மறுகணமே அக்கணக்குகள் யாவும் அழிந்துபோகின்றன. ஆகையால், தன் ஆயுளுக்குப் பின்னும் நிலைத்திருக்க வேண்டியவற்றை வெளியே எழுதி வைப்பதும், தனக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டவற்றை உள்ளே வாசித்துக்கொள்வதும் எந்த நிரலுக்கும் இன்றியமையாத காரியங்கள். சி மொழியில் இக்காரியங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். கோப்பைத் திற, வரி வரியாகப் படி, முடிவு வந்ததும் நிறுத்து, கோப்பை மூடு என்று நான்கு சொற்றொடர்களில் இதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால், வரி என்பது எது, முடிவு என்பது எங்கே இருக்கிறது, எழுதியாயிற்று என்று எந்தக் கணத்தில் துணிந்து சொல்லலாம் என்று விசாரிக்கப் புகுந்தோமானால், இம்மூன்று கேள்விகளுக்கும் கோப்பினுள்ளே விடை கிடையாது என்பதும், அங்கே இருப்பவை பைட் எனப்படும், 0 முதல் 255 வரையிலான எண்களே என்பதும், வரி, முடிவு, எழுத்து என்ற மற்றவை யாவும் நிரலாளரும் நூலகமும் இயங்குதளமும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளே என்பதும் புலனாகும். எந்த இடத்தில் எந்த உடன்படிக்கை செல்லுபடியாகிறது என்பதை அறிந்தவருக்கே இந்த வித்தை வசப்படுகிறது.

இவ்வாறு கோப்பை எண்களின் வரிசையாக மட்டுமே கருதும் வழக்கம் ஆதி முதல் இருந்ததன்று. 1960-களில் பெரிய கணினி நிலையங்களில் கோப்பு என்றால் பதிவுகளின் அடுக்கு என்றே பொருள். துளையட்டை ஒன்றில் 80 எழுத்துகள் அடங்கும்; அட்டையின் அந்த அளவே காந்தநாடாவுக்கும் வட்டுக்கும் குடிபெயர்ந்து, பதிவொன்றுக்கு 80 எழுத்து என்ற சம்பிரதாயமாக வேரூன்றியது. பதிவின் நீளம் எவ்வளவு, பதிவுகளை எவ்வாறு கட்டுகளாகக் கட்டுவது என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிவித்தாலன்றிப் பல இயங்குதளங்கள் ஒரு கோப்பை உண்டாக்கவே சம்மதிப்பதில்லை. ஒருவர் ஏழே எழுத்துகள் கொண்ட ஒரு வரியை எழுதினாலும், மீதி 73 இடங்களை வெற்றிடத்தால் நிரப்பி வைப்பதுதான் நியதி.

1969-இல் பெல் ஆய்வுக்கூடம் மல்டிக்ஸ் என்ற பெருந்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டபோது, அத்திட்டத்தில் உழைத்திருந்த கென் தாம்ப்ஸன், நியூஜெர்ஸியிலுள்ள மர்ரே ஹில்லில் பிடிபி-7 என்ற ஒரு சிறு யந்திரத்தை வைத்துக்கொண்டு புதியதோர் இயங்குதளத்தை அமைக்கத் தொடங்கினார். யூனிக்ஸ் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அந்த அமைப்பில், கோப்புக்கு இயங்குதளம் எவ்விதமான உள்ளமைப்பையும் விதிக்கவில்லை. பயனர் எதை எழுதினாரோ அது அப்படியே இருக்கும். அதற்கு என்ன பொருள் என்பதை வாசிக்கும் நிரல் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தாம்ப்ஸனும் அவருடன் பணிபுரிந்த டென்னிஸ் ரிட்சியும் 1974-இல் யூனிக்ஸைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் இக்கொள்கையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்திருக்கிறார்கள். விதிகளைக் கூட்டுவதால் அன்றி, இருந்த விதிகளைத் தள்ளிவிட்டதனாலேயே ஒரு பெரிய முன்னேற்றம் கிடைத்த அபூர்வமான சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

ரிட்சி சி மொழியை உருவாக்கிய காலமும் இதனை ஒட்டியதே. 1971-க்கும் 1973-க்கும் இடையில் அம்மொழி வடிவு பெற்றது. அதில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்றுண்டு. ஃபோர்ட்ரான் மொழியில் வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் மொழியின் இலக்கணத்திலேயே தனிக் கட்டளைகள் இருந்தன. சி மொழியின் இலக்கணத்திலோ அவற்றுக்கு இடமே தரப்படவில்லை. கூட்டல், ஒப்பீடு, சுழற்சி முதலியவற்றோடு மொழி நின்றுவிடுகிறது. கோப்பைத் தொடும் காரியம் முழுவதும், அம்மொழியிலேயே எழுதப்பட்ட சாதாரணச் செயற்கூறுகளின் பொறுப்பு. யந்திரத்துக்கு யந்திரம் மாறுபடாத முறையில் இக்காரியத்தைச் செய்து தருவதற்கென்று மைக் லெஸ்க் என்பவர் 1972-வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு தொகுப்பை இயற்றினார். அதுவே பிற்பாடு திருத்தி அமைக்கப்பட்டு, நிரலாளர்கள் எஸ்டிடி-ஐஓ என்று வழங்கும் நூலகமாயிற்று. 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் சி மொழியைப் பற்றி எழுதிய புத்தகத்தின் வாயிலாக அது உலகெங்கும் பரவிற்று. 1989-இல் அமெரிக்கத் தரநிர்ணயம் அதனை மொழியின் அங்கமாகவே அங்கீகரித்தது.

இந்த நூலகத்தில் யாவற்றுக்கும் வாசலாக நிற்பது எஃப்ஓப்பன் என்ற செயற்கூறு. கோப்பின் பெயரையும், அதை எந்த நோக்கத்துடன் திறக்கிறோம் என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் அதனிடம் தருகிறோம். 'ஆர்' என்றால் வாசிக்க. 'டபிள்யூ' என்றால் புதிதாக எழுத. 'ஏ' என்றால் இருப்பதன் கடைசியில் சேர்க்க. இவற்றுள் 'டபிள்யூ' மிகுந்த ஜாக்கிரதையுடன் கையாளத் தக்கது. அந்தப் பெயருள்ள கோப்பு ஏற்கெனவே இருக்குமானால், ஓர் எழுத்தைக்கூட நாம் எழுதுவதற்கு முன்பே, திறந்த மாத்திரத்திலேயே, அதன் உள்ளடக்கம் முழுவதும் துடைக்கப்பட்டுவிடுகிறது. ஒரு கோப்பை வாசித்து, அதிலுள்ள பிழைகளைத் திருத்தி, அதே பெயரில் திரும்ப எழுத எண்ணிய மாணவர், வாசிப்பதற்கும் எழுதுவதற்குமாக அதை இருமுறை திறந்து வைத்துக்கொண்டு, வாசிக்க ஒன்றுமில்லையே என்று திகைத்து நிற்பதைக் கணினி வகுப்புகளில் அடிக்கடி காணலாம். திருத்திய பாடத்தை வேறொரு பெயரில் எழுதி, எழுதியது முழுமையாக முடிந்தது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அதன் பிறகே பழைய பெயரைப் புதியதற்குச் சூட்டுவது உத்தமமான மார்க்கம். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் இப்பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயலாக நிகழ்வதால், நடுவில் நிரல் நின்றுபோனாலும் பழைய கோப்போ புதிய கோப்போ ஏதேனும் ஒன்று முழுமையாக மிஞ்சியிருக்கும்.

திறக்கும் முயற்சி பலிக்காமற் போகவும் கூடும். பெயர் தவறாக இருக்கலாம், அனுமதி இல்லாதிருக்கலாம், ஒரு நிரல் ஒரே சமயத்தில் திறந்து வைக்கத்தக்க கோப்புகளின் எண்ணிக்கை வரம்பை எட்டியிருக்கலாம். அப்போது எஃப்ஓப்பன் கூக்குரல் எழுப்புவதில்லை, நிரலை நிறுத்துவதுமில்லை, 'நல்' என்ற வெற்றுப் பாயிண்டரை, அதாவது எதையும் சுட்டாத முகவரியைத் திருப்பித் தந்துவிட்டு அமைதியாக இருந்துவிடுகிறது. அதைச் சோதித்துப் பாராமல் அடுத்த வரிக்குச் செல்லும் நிரல், இல்லாத கோப்பிலிருந்து வாசிக்கப் போய் வீழ்கிறது. பிற்காலத்து மொழிகள் பல, இத்தகைய தோல்வியைக் கண்டால் தாமாகவே நிரலை இடைமறிக்கின்றன. சி மொழி அந்தப் பொறுப்பை மனிதரிடமே விட்டுவைத்திருக்கிறது; ஆதலால், ஒவ்வொரு செயற்கூறும் திருப்பித் தரும் மதிப்பைக் கேட்டறிந்து நடக்கும் பழக்கம் இம்மொழியில் எழுதுபவருக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பாக வேண்டும்.

திறக்கும் முயற்சி பலித்தால் நம் கைக்கு வருவது கோப்பு அன்று. ஃபைல் என்ற ஒரு சிறு பதிவேட்டின் முகவரி. 1978-ஆம் ஆண்டுப் புத்தகம் இப்பதிவேட்டின் உள்ளமைப்பையே திறந்து காட்டுகிறது. அதில் ஐந்தே உறுப்புகள்: அடுத்து வாசிக்க வேண்டிய இடம், இன்னும் எத்தனை எழுத்துகள் மீதமிருக்கின்றன என்ற எண்ணிக்கை, பஃபர் எனப்படும் இடைக்கிடங்கின் தொடக்கம், நிலைமையைக் குறிக்கும் அடையாளங்கள், இயங்குதளம் அக்கோப்புக்கு வழங்கியிருக்கும் எண். அக்காலத்தில் பஃபரின் அளவு 512 பைட்டுகள். ஒரு நிரல் ஒரே சமயத்தில் 20 கோப்புகள் வரை திறந்து வைத்திருக்கலாம்.

ஓர் எழுத்தை வாசித்துத் தரும் கெட்சி என்ற செயற்கூறு என்ன செய்கிறது என்பதைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். 1,000 பைட்டுகள் கொண்ட ஒரு கோப்பு இருக்கிறதென்றும், அதை நிரல் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். முதல் எழுத்தைக் கேட்டவுடன், மீதி எண்ணிக்கை பூஜ்யமாக இருப்பதைக் கண்ட கெட்சி, இயங்குதளத்தை அணுகி 512 பைட்டுகளை ஒரே வீச்சில் வாங்கிப் பஃபரில் நிரப்பிக்கொண்டு, அவற்றுள் முதலாவதை மட்டும் நமக்குத் தருகிறது. அடுத்த 511 முறையும் இயங்குதளத்துக்கு இதில் வேலையே இல்லை: எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது, இடத்தை ஒன்று நகர்த்துவது, எழுத்தைத் தருவது என்ற அளவோடு காரியம் முடிகிறது. 513-ஆம் எழுத்துக்கு மீண்டும் இயங்குதளத்தை அணுகினால், எஞ்சியிருக்கும் 488 பைட்டுகள் கிடைக்கின்றன. 1,001-ஆம் எழுத்தைக் கேட்கும்போது மூன்றாம் முறையாக அணுக, பூஜ்யம் பைட்டுகள் என்ற விடை வருகிறது. ஆயிரம் முறை நடந்திருக்க வேண்டிய யாத்திரை மூன்று முறையோடு முடிந்துவிட்டது. நிரலிலிருந்து இயங்குதளத்துக்குள் புகுந்து மீள்வது, நினைவகத்தில் ஒரு பைட்டைத் தொடுவதைக் காட்டிலும் பன்மடங்கு செலவுள்ள காரியம் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். இக்காலத்துப் பஃபர்கள் பல ஆயிரம் பைட்டுகள் கொள்பவை. ஏற்பாட்டின் தத்துவம் மாறவில்லை.

அந்த மூன்றாம் யாத்திரையில் கிடைத்த பூஜ்யமே நம் தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை. கோப்பின் இறுதியில் 'இத்துடன் முற்றும்' என்ற அடையாளம் எதுவும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. கோப்பு எத்தனை பைட்டு நீளமுள்ளது என்பதை இயங்குதளம் வேறோரிடத்தில் குறித்து வைத்திருக்கிறது. அந்த நீளத்தைக் கடந்து கேட்கும்போது 'தருவதற்கு ஒன்றுமில்லை' என்கிறது. அந்த விடையைத்தான் நூலகம் இஓஎஃப் என்ற மதிப்பாக்கி நமக்குத் தெரிவிக்கிறது. வழக்கமாக அதன் மதிப்பு -1. கோப்பில் இருக்கத்தக்க எண்கள் 0 முதல் 255 வரையே ஆதலால், எந்த எழுத்தோடும் குழம்பாதிருக்கும்பொருட்டு இந்தக் குறையெண் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. கெட்சி தரும் விடையை ஏற்கும் மாறி, எழுத்து வகையாக இல்லாமல் முழுஎண் வகையாக இருக்க வேண்டும். 256 எழுத்துகளும் முடிவு என்ற ஒன்றுமாக 257 வேறுபட்ட விடைகளை, 256 மதிப்புகளே கொள்ளும் ஒரு பைட்டில் எப்படி அடக்குவது? எழுத்து வகை மாறியில் அடக்க முயன்றால், அவ்வகையைக் குறையெண்களும் கொண்டதாகக் கொள்ளும் இன்டெல் யந்திரங்களில், கோப்பின் நடுவே 255 என்ற பைட் வந்தவுடன் முடிவு வந்துவிட்டதாக எண்ணி நிரல் நின்றுவிடும். குறையெண் அற்றதாகக் கொள்ளும் யந்திரங்களிலோ, -1 ஒருபோதும் தென்படாமல், முடிவில்லாது ஓடிக்கொண்டிருக்கும்.

முடிவைக் கோப்பினுள்ளேயே பொறித்து வைத்த அமைப்புகளும் உண்டு. சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் கோப்பின் நீளத்தை 128 பைட்டுகள் கொண்ட கட்டுகளாக மட்டுமே கணக்கிட்டு வந்தது. கடைசிக் கட்டில் உண்மையான பாடம் எதுவரை என்று அதற்குத் தெரியாது. ஆகவே, பாடம் முடியும் இடத்தில் 26 என்ற எண்ணை எழுதி வைப்பது வழக்கமாயிற்று. அவ்வழக்கம் எம்எஸ்-டாஸுக்கு வந்து, விண்டோஸின் சி நூலகத்தில் எழுத்து முறையில் திறக்கப்படும் கோப்புகளுக்கு இன்றளவும் தொடர்கிறது. படக்கோப்பு ஒன்றை, இரும முறையைக் குறிக்கும் 'பி' என்ற எழுத்தைச் சேர்க்காமல் திறந்துவிட்டு, முதற் சில பைட்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்ப்பவர்கள், இந்த 26-ஐ எங்கோ சந்தித்திருக்கக் கூடும்.

முடிவைப் பற்றிய மற்றொரு மயக்கம் எஃப்இஓஎஃப் என்ற செயற்கூற்றைச் சார்ந்தது. 'முடிவை எட்டாதவரை ஒரு வரியை வாசி, அதை அச்சிடு' என்று ஒரு சுழற்சியை அமைப்பது இயற்கையான யோசனை. எத்தனையோ பாடப்புத்தகங்களிலும் அவ்வாறே காணப்படுகிறது. நெல், கம்பு, சோளம் என்ற மூன்று வரிகள் கொண்ட கோப்பை அந்த நிரலிடம் கொடுத்தால், நெல், கம்பு, சோளம், சோளம் என்று நான்கு வரிகள் வெளிவருகின்றன. காரணம் யாதெனில், எஃப்இஓஎஃப் வருங்காலத்தை உரைப்பதில்லை. நடந்து முடிந்த ஒரு வாசிப்பு முடிவில் முட்டிக்கொண்டதா என்பதை மட்டுமே சொல்கிறது. மூன்றாம் வரியை அதன் வரிமுடிவுக் குறியோடு வாசித்த வேளையில், அதற்கு அப்பால் ஒன்றுமில்லை என்பது நூலகத்துக்குத் தெரியாது. அது இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே சுழற்சி நான்காம் முறையும் உள்ளே புகுகிறது, வாசிப்பு தோற்கிறது, மாறியில் பழைய சோளமே தங்கியிருக்க, அது மறுபடியும் அச்சாகிறது. இப்பிழையின் பொல்லாங்கு, அது சில சமயம் மறைந்துகொள்வதில் இருக்கிறது. கடைசி வரிக்குப் பின் வரிமுடிவுக் குறி இல்லாத கோப்பானால், அந்த வரியை வாசிக்கும்போதே முடிவில் முட்டிக்கொள்வதால், நிரல் சரியாகவே நடப்பதுபோல் தோற்றமளிக்கும். முடிவைத் தனியே விசாரிக்காமல், வாசிப்பு வெற்றி பெற்றதா என்று வாசித்த செயற்கூற்றையே கேட்டுச் சுழற்சியை நடத்துவதுதான் முறை. வாசிப்பு தோற்ற பிறகு, அது கோப்பு தீர்ந்ததனாலா, வட்டில் நேர்ந்த கோளாற்றினாலா என்று பிரித்தறிவதற்கே எஃப்இஓஎஃப் பயன்பட வேண்டும்.

வரி என்பதும் இப்படிப்பட்ட உடன்படிக்கைதான். டெலிடைப் யந்திரத்தில் அச்சுமுனையை இடக்கோடிக்குக் கொண்டுபோவது ஒரு செயல், காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளுவது மற்றொரு செயல். அவற்றுக்கு 13, 10 என்று தனித்தனி எண்கள். மல்டிக்ஸ் அமைப்பினர், கோப்பில் ஒரே குறி போதும், யந்திரத்துக்கு அனுப்பும்போது அதை இரண்டாக விரித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தனர். யூனிக்ஸும் சி மொழியும் அதைப் பின்பற்றி 10 என்ற ஒன்றையே வரிமுடிவாகக் கொண்டன. டாஸும் விண்டோஸும் இரண்டையும் கோப்பிலேயே எழுதும் மரபைக் கைக்கொண்டன. இவ்விரு மரபுகளுக்கும் இடையில் சமரசம் செய்யும்பொருட்டே 1989-இன் தரநிர்ணயம் எழுத்து முறை, இரும முறை என்ற பேதத்தை ஏற்றுக்கொண்டது. எழுத்து முறையில் திறந்தால் விண்டோஸின் நூலகம் வாசிக்கும்போது 13-10 என்ற இணையை 10 ஆக்கியும், எழுதும்போது 10-ஐ இணையாக்கியும் தருகிறது. விண்டோஸில் பிறந்த கோப்பை யூனிக்ஸ் மரபைப் பின்பற்றும் லினக்ஸில் வாசிப்பவருக்கு ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு 13 ஒட்டிக்கொண்டு வருவதும், இரண்டு சொற்கள் பார்வைக்கு ஒன்றாக இருந்தும் ஒப்பிட்டால் வேறென்று விடை வருவதும் இதனாலேதான்.

ஒரு வரியை முழுதாக வாசிக்க உதவுவது எஃப்கெட்ஸ். வரியை வைக்க வேண்டிய இடத்தையும், அவ்விடம் எத்தனை பைட்டு கொள்ளும் என்பதையும் அதனிடம் சொல்கிறோம். அந்த அளவுக்கு ஒன்று குறைவாக அது வாசித்து, கடைசியில் பூஜ்யத்தை இட்டு மூடுகிறது. இடத்தின் அளவைக் கேட்கும் இந்த நிபந்தனை வெறும் சம்பிரதாயமன்று. இதற்கு மூத்ததான கெட்ஸ் என்ற செயற்கூறு இடத்தின் அளவைக் கேட்பதே இல்லை. வரி எவ்வளவு நீளமாயினும் எழுதிக்கொண்டே போய், ஒதுக்கிய இடம் நிரம்பிய பின் அடுத்தடுத்த இடங்களையும் மிதித்துச் செல்லும். 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட நிரற்புழு, வலையமைப்பில் பரவுவதற்குக் கண்டுகொண்ட வழிகளுள் ஒன்று இதுதான். ஃபிங்கர் என்ற பணிநிரல், தொலைவிலிருந்து வரும் ஒரு வரியைக் கெட்ஸ் மூலம் 512 பைட் இடத்தில் வாசித்து வந்தது. புழு அனுப்பிய வரியோ 536 பைட் நீளமுள்ளது. மிகுதியாக வழிந்த பைட்டுகள், அச்செயற்கூறு முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்திருந்த முகவரியின்மேல் விழுந்து, அதைத் தம் விருப்பப்படி மாற்றிவிட்டன. இத்தனை பெரிய அபாயம் வெளிப்பட்ட மறு ஆண்டில் வந்த தரநிர்ணயமும் கெட்ஸை விலக்காமல் வைத்துக்கொண்டது. 2011-ஆம் ஆண்டின் திருத்தத்தில்தான் அது நீக்கப்பட்டது. 23 ஆண்டுகள் தாமதித்ததை நியாயப்படுத்த எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை.

எண்களை வாசிக்க எஃப்ஸ்கேன்எஃப் இருக்கிறது. எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக மாற்றினோம் என்பதை அது திருப்பிச் சொல்லும். எண் வரவேண்டிய இடத்தில் ஓர் எழுத்து நின்றால், அது அந்த எழுத்தை விழுங்காமல் அங்கேயே விட்டுவிட்டுப் பூஜ்யம் என்று விடை தரும்; அவ்விடையைப் பாராத சுழற்சி, அதே எழுத்தின் முன் முடிவின்றி நின்று மோதிக்கொண்டிருக்கும். வரியை முதலில் எஃப்கெட்ஸால் வாங்கிக்கொண்டு, பின்னர் அதற்குள் எண்களைத் தேடுவது இந்த இடரைத் தவிர்க்கும்.

இனி எழுதுவதற்கு வருவோம். எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு ஒரு வரியை எழுதினால், அது வட்டில் பதிந்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். கடிதத்தைத் தபாற்பெட்டியில் இட்டவர், அது சேர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படியே இதுவும். வரி முதலில் நூலகத்தின் பஃபரில் விழுகிறது. பஃபர் நிரம்பினாலோ, எஃப்ஃபிளஷ் என்று கட்டளையிட்டாலோ, கோப்பை மூடினாலோதான் இயங்குதளத்துக்குப் போகிறது. இயங்குதளமும் அதை உடனே வட்டுக்கு அனுப்பாமல், தன் நினைவகத்தில் சிறிது காலம் வைத்திருக்கிறது. முதற் கட்டத்தில் நிரல் வீழ்ந்தால் பஃபரில் இருந்தவை போகும். இரண்டாம் கட்டத்தில் மின்சாரம் நின்றால் இயங்குதளத்திடம் இருந்தவையும் போகும். வங்கிக் கணக்குபோல் ஒரு வரியும் இழக்கலாகாத இடங்களில், யூனிக்ஸில் எஃப்சிங்க் என்ற கட்டளையால் வட்டுவரை வற்புறுத்தி அனுப்புகிறார்கள். அதற்குக் காலம் அதிகம் பிடிப்பதால் எல்லா இடங்களிலும் அவ்வாறு செய்வதில்லை.

வட்டில் இடமில்லை என்ற செய்தியும் இக்காரணத்தால் தாமதமாகவே வரும். எஃப்பிரிண்ட்எஃப் பஃபரில் எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லியிருக்க, பின்னர் கோப்பை மூடும்போது பஃபரைக் கொண்டுபோய்க் கொட்ட முயலும் எஃப்குளோஸுக்குத்தான் இடமின்மை தெரியவருகிறது. எனவே, வாசித்த கோப்பை மூடும்போது எஃப்குளோஸின் விடையைப் பாராவிட்டாலும் பெரும் நஷ்டமில்லை. எழுதிய கோப்பை மூடும்போது அதைப் பாராதிருப்பது, எழுதியது பதிந்ததா என்பதை அறிய நூலகம் தரும் கடைசி வாய்ப்பை நழுவவிடுவதாகும்.

நாமாகத் திறக்கும் கோப்புகளைத் தவிர, அவற்றைப் போலவே பயன்படும் மூன்று ஓடைகள் ஒவ்வொரு நிரலுக்கும் தாமாகவே திறந்து கொடுக்கப்படுகின்றன: உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, பிழைச் செய்திக்கு ஒன்று. மூன்றாவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஸ்டீபன் ஜான்சன் நினைவுகூர்ந்த ஒரு வரலாறு விடை தரும். அங்கே ஒளியச்சுக்கோப்பு யந்திரம் ஒன்று வந்து சேர்ந்த பிறகு, ஒரு கட்டுரையை அதற்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தியே அழகிய எழுத்துருவில் கோக்கப்பட்டு, விலையுயர்ந்த ஒளித்தாளில் வெளிவருமாம். வெளியீட்டு ஓடையிலேயே பிழைச் செய்தியும் கலந்து சென்றதன் பலன் அது. அதன் பின்னரே பிழைகளுக்கென்று தனி ஓடை ஏற்பட்டது. செய்தி தாமதமின்றிக் கண்ணில் பட வேண்டும் என்பதால், அந்த ஓடையை முழுப் பஃபரில் தேக்கி வைக்கலாகாது என்பதும் விதி.

தமிழ்ப் பாடத்தை இந்த நூலகம் எவ்வாறு கையாளுகிறது என்பதைச் சொல்லாவிட்டால் இவ்வத்தியாயம் நிறைவு பெறாது. 1992-இல் அதே கென் தாம்ப்ஸன், ராப் பைக்குடன் சேர்ந்து, யூனிக்கோடு என்ற எழுத்துப் பட்டியலின் குறிகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையை வகுத்தார். அம்முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டும், தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட்டும் கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லை ஒரு கோப்பில் எழுதி, கெட்சி கொண்டு எண்ணெண்ணாக வாசித்துப் பார்த்தால், 224, 174, 164 என்று தகரம் வருகிறது. 224, 174, 174 என்று மகரம். 224, 174, 191 என்று இகரக் கொக்கி. 224, 174, 180 என்று ழகரம். 224, 175, 141 என்று புள்ளி. கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிக்கோடுக்கு ஐந்து குறி, சி மொழிக்குப் பதினைந்து பைட்டு. 10 என்ற வரிமுடிவும் 0 என்ற சொல்முடிவும் இம்மூன்றடுக்குகளுக்குள் ஒருபோதும் வாராதபடி, பல பைட்டு கொண்ட குறிகளின் பைட்டுகள் யாவும் 128-உம் அதற்கு மேற்பட்டவையுமாகவே அமைக்கப்பட்டிருப்பதால், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட கெட்சி, ஓர் எழுத்தை எழுதும் புட்சி, எஃப்கெட்ஸ் ஆகியவை யாதொரு திருத்தமும் இன்றித் தமிழ் வரிகளைச் சரியாகப் பிரித்துத் தருகின்றன. ஒரு கோப்பை மற்றொன்றுக்குப் படியெடுக்கும் அக்காலத்து நிரலும், தமிழில் ஓர் எழுத்தையும் அறியாமலேயே, தமிழ்ப் புத்தகம் முழுவதையும் பழுதின்றிப் படியெடுக்கும். கோப்புக்கு உள்ளமைப்பை விதிக்க மறுத்த 1969-இன் முடிவினால் நம் மொழிக்குக் கிடைத்த நன்மை என்று இதைத் தயங்காமல் கூறுவேன்.

ஆனால் பாடத்தை அப்படியே கடத்துவதோடு நில்லாமல், அதனுள் புகுந்து வேலை செய்ய வேண்டுமானால் எச்சரிக்கை தேவை. எஃப்கெட்ஸுக்கு 8 பைட்டு இடமே கொடுத்து 'தமிழ்' என்ற வரியை வாசிக்கச் சொன்னால், முதல் முறை ஏழு பைட்டுகள் வருகின்றன: தகரம், மகரம், அவற்றுக்குப் பின் இகரக் கொக்கியின் முதற் பைட்டாகிய 224 மட்டும். இத்துண்டையும் அடுத்த துண்டையும் இடையீடின்றி அடுத்தடுத்து எழுதினால் பைட்டுகள் மீண்டும் கூடிச் சொல் முழுமை பெறும். ஒவ்வொரு துண்டையும் தனி வரியாக எழுதினாலோ கொக்கி சிதைந்து, திரையில் கேள்விக்குறியிட்ட சதுரங்கள் தோன்றும்.

எழுத்துகளை எண்ணுவதும் இத்தகையதே. 128 முதல் 191 வரையிலான பைட்டுகள் ஒரு குறியின் தொடர்ச்சியே ஆதலால், அவற்றைத் தவிர்த்து மற்றவற்றை எண்ணினால் 'தமிழ்' என்பதற்கு ஐந்து கிடைக்கும். கொக்கி, கால், கொம்பு, புள்ளி ஆகிய சார்புக் குறிகளையும் தள்ளிவிட்டு எண்ணினால் மூன்று என்ற சரியான விடை வரும். 'க்ஷ' என்ற எழுத்து வந்துவிட்டால் அந்த விதியும் போதாது. ககரம், புள்ளி, ஷகரம் என்று ஒன்பது பைட்டுகளாக அது கோப்பில் கிடப்பதால், விதி அதை இரண்டென்று எண்ணும், வாசகரோ ஒன்றென்பார். தமிழ் எழுத்தை எண்ணித் தரும் செயற்கூறு சி மொழியின் நூலகத்தில் எதுவும் இல்லாமையால், அந்த விலக்கையும், 'ஸ்ரீ' முதலிய மற்ற விலக்குகளையும் நிரலாளரே தம் நிரலில் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.